பக்க எண் பொருந்துகிறதா?

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்திலோ வேல்ஸிலோ நடந்த பழைய கல்யாணப் பதிவைத் தேடுகிறவர்கள், அரசுப் பதிவுகளின் பெயர் அட்டவணையில் பெயரைக் கண்டதுமே சான்றிதழுக்குப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு வந்து சேர்வது யாரோ ஒருவருடைய சான்றிதழ்.

அங்கே அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. அட்டவணை காலாண்டுக் கணக்கு. மார்ச் என்றிருந்தால் ஜனவரியாகவும் இருக்கலாம். கிராமத்தின் பெயர் இருக்காது. பதிவு மாவட்டம், தொகுதி எண், பக்க எண், அவ்வளவுதான். துணையின் குடும்பப்பெயரைச் சேர்த்துப் போட்டது 1912 முதல்தான்.

அதற்கு முந்தைய கல்யாணம் என்றால் ஊரெங்கும் இருக்கும் பெயரான ஸ்மித் மாப்பிள்ளையைத் தேடி மாளாது. பெண் ட்ரெலாவ்னி என்ற அரிதான பெயர் கொண்ட வீட்டுப் பெண்ணா? அவளை முதலில் பிடியுங்கள். பிறகு அதே காலாண்டு, மாவட்டம், தொகுதி, பக்கம் நான்கிலும் நம் ஸ்மித் இருக்கிறாரா என்று பாருங்கள். ஒன்று பிசகினாலும் அவர் வேறு ஸ்மித். நான்கும் பொருந்தினாலும் அவசரப்பட வேண்டாம்: ஒரே பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் இருக்கும், யாருக்கு யார் என்று அட்டவணை சொல்லாது. இந்த அட்டவணையை இலவசமாகத் தேட உதவும் ஃப்ரீ பிஎம்டி இணையதளத்தில் பக்க எண்ணைச் சொடுக்கினால் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் வருவார்கள். அடுத்த மக்கள்தொகைக் கணக்கில் மனைவியின் பெயர் என்ன என்று ஒப்பிட்டால் ஜோடி தெரிந்துவிடும். பெண் கைம்பெண்ணாக இருந்திருந்தால் பிறந்த வீட்டுப் பெயரில் தேடிப் பயனில்லை. முதல் கணவரின் பெயரில்தான் பெரும்பாலும் இருப்பாள்.

சான்றிதழ் கேட்க வேண்டிய இடம் ஜிஆர்ஓ என்னும் பொதுப் பதிவு அலுவலகம். அவர்களுடைய சொந்த இணைய அட்டவணையில் பிறப்பும் இறப்பும் மட்டுமே உண்டு. ஆகவே கல்யாணத்துக்கான எண்களை வெளியே எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்த எண்களை உள்ளூர்ப் பதிவாளரிடம் நீட்டாதீர்கள். அவர்களுடைய எண் வரிசையே வேறு.

இன்னொன்று. ஜிஆர்ஓவிடம் இருப்பது உள்ளூரிலிருந்து காலாண்டுதோறும் எழுதி அனுப்பிய நகல். அதிலுள்ள கையெழுத்து நகலெடுத்தவருடையது. கொள்ளுப்பாட்டி கையெழுத்துக்குப் பதிலாகச் சொந்தக் கையால் போட்ட பெருக்கல் குறியைப் பார்க்க வேண்டுமா? ஆங்கிலிக்கன் தேவாலயக் கல்யாணமாக இருந்தால் அந்தக் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்ற பகுதி) ஆவணக் காப்பகத்தில் மூலப் பதிவேட்டைத் தேடுங்கள்.

சான்றிதழில் வயதுக்கு நேரே 'முழு வயது' என்று கண்டால் 21 என்று எழுதிக்கொள்ளாதீர்கள். 21-உம் அதற்கு மேலும் என்றுதான் பொருள். தகப்பனாரின் பெயரும் தொழிலும் இருக்கும். தாயின் பெயரைச் சேர்த்தது 2021 மே மாதத்தில்தான். அடியில் இருக்கும் சாட்சிகளைத் தாண்டிப் போகாதீர்கள். கல்யாணமாகிப் போன அக்காவின் புதுக் குடும்பப்பெயர் பல நேரம் அங்கேதான் அகப்படும்.