பலத்தைப் பார்த்தால் குறை மறைந்துவிடுமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். திருச்சியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் 12 பேர் கொண்ட குழுவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறேன். குறைகளையே பேசாதீர்கள், குழுவின் பலத்தைப் பாருங்கள் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். புகார்கள் மலைபோலக் குவிந்து கிடக்கும்போது பாராட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?"

நியாயமான சந்தேகம். வெறும் பாராட்டு என்றால் நடக்காது. நான் புரிந்துகொண்டவரை, பலத்தைப் பார்ப்பது ஒரு தேடல். அதே சம்பளம், அதே நெருக்கடி, அதே வசதிக் குறைவு. இவ்வளவுக்கும் நடுவே காரியத்தை முடித்துவிடும் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டும்.

வியட்நாமில் நடந்ததைச் சொல்கிறேன். 1990 இறுதியில் ஜெரி ஸ்டெர்னினும் அவர் மனைவி மோனிக்கும் 'சேவ் தி சில்ட்ரன்' என்ற குழந்தைகள் நல அமைப்புக்காக அங்கே போனார்கள். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டைக் குறைக்க வேண்டும். பலன் காட்ட அரசு கொடுத்த அவகாசம் 6 மாதம். வறுமை, சுகாதாரக் கேடு, நல்ல குடிநீர் இல்லாமை என்று காரணங்கள் ஏராளம், எல்லாமே உண்மை. ஆனால் 6 மாதத்தில் இவற்றில் எதைத் தீர்க்க முடியும்?

'தான் ஹோவா' என்ற மாகாணத்தில் 4 கிராமங்களில் குழந்தைகளை எடை போட்டார்கள். பரம ஏழை வீட்டிலும் நல்ல எடையோடு குழந்தை உண்டா என்று பார்த்தார்கள். இருந்தது! வெளியுதவி போன்ற தனி வசதி உள்ள வீடுகளைக் கழித்துவிட்டு, மிச்சமிருந்த வீடுகளின் அடுப்படிக்கே போய்க் கவனித்தார்கள். அந்தத் தாய்மார்கள் வயலில் கிடைக்கும் பொடி இறாலையும் சிறு நண்டையும் பிடித்து, சர்க்கரைவள்ளிக் கீரையோடு சோற்றில் சேர்த்துக் கொடுத்தார்கள். இவையெல்லாம் சின்னக் குழந்தைக்கு ஆகாது என்பது ஊரார் எண்ணம். மற்ற வீடுகளில் இரண்டு வேளைதான் சாப்பாடு. இவர்களோ கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை ஊட்டினார்கள். பிள்ளைகளின் கையைக் கழுவிவிட்டார்கள்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் என்னை மிகவும் கவர்ந்தது. கண்டுபிடித்ததைச் சொற்பொழிவாக்கி ஊரைக் கூட்டவில்லை. மற்ற தாய்மார்களை ஒன்றாகக் கூடிச் சமைக்க அழைத்தார்கள். வருகிறவர் ஒரு கைப்பிடி இறாலோ நண்டோ கீரையோ கொண்டுவர வேண்டும்; அதுதான் நுழைவுக் கட்டணம். ஆகவே அவரும் வயலில் இறங்கியாக வேண்டும். தன் பிள்ளையின் எடை ஏறுவதைக் கண்ட தாய்க்கு வேறு உபதேசம் எதற்கு? வேறு கிராமங்களுக்குப் போனபோதும் இந்த விடையை அப்படியே கொடுக்கவில்லை. அந்தந்த ஊரே தேடிக்கொண்டது.

குறையை இவர்கள் மூடி மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எடை போட்டதுதான் முதல் வேலை.

உங்கள் குழுவிலும் புகார் எத்தனை நாளில் தீர்கிறது, தீர்ந்த புகார் எத்தனை முறை திரும்பி வருகிறது என்று ஆள்வாரியாக எடுங்கள். சுலபமான புகார்கள் மட்டுமே போய்ச்சேரும் நபரைக் கழித்துவிடுங்கள். மிச்சமிருப்பவர்களில் நன்றாகச் செய்கிறவரின் பக்கத்தில் இரண்டு நாள் உட்காருங்கள். "எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "எல்லாரும் செய்வதுதான் சார்" என்பார், செய்வது அவருக்கே பெரிதாகத் தெரியாது. நீங்கள் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோப்பைத் திறக்கும் முன் வாடிக்கையாளருக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிடுகிறாரோ என்னவோ.

கண்டுபிடித்ததும் கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்திக் கைதட்டாதீர்கள். மற்றவர்களுக்கு மனம் கசக்கும், அவருக்கும் சங்கடம். ஆளுக்கொரு பழைய புகாரை எடுத்துக்கொண்டு அவரோடு உட்கார்ந்து தீர்க்கட்டும். ஆள் பற்றாக்குறை, பழுதான கணினி போன்றவற்றை மட்டும் அவருடைய சாமர்த்தியத்தால் ஈடுகட்டச் சொல்லாதீர்கள். அவற்றை மேலிடத்தில் கேட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.