பிள்ளையின் கையில் வேலை இருக்கட்டும்

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், மாலை நேர வகுப்பு நடத்தும் தொண்டர்கள், ஆலைகளில் பயிற்சி தருபவர்கள் ஆகியோர் கூடிய அவையில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘பாடத்தைச் சுவையாக நடத்துவது எப்படி’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கேட்டதும் படம், காணொளி, பாட்டு, விளையாட்டு, பரிசு என்று மனம் ஓடும். அவை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரவெல்லாம் விழித்து அழகழகாய்ப் படவில்லைகள் செய்துகொண்டு போகிறார் ஓர் ஆசிரியர். ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசுகிறார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் படம் நினைவிருக்கிறது, பாடம் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் வேலை செய்தது யார்? ஆசிரியர் மட்டும்தான். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். கற்கிறவருக்கு யோசிக்கவும் செய்யவும் வேலை இருந்தால்தான் பாடத்தில் மனம் ஒட்டும். நான் இன்று சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்கிற விவரம்.

இந்த ஊரில் அதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்த, குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். புதிதாக வெட்டப் பழகுகிறவரிடம் நல்ல மரத்தைக் கொடுக்க மாட்டார்கள். மறுநடவுக்காகச் சாய்க்கப்போகும் கிழட்டு மரத்தில்தான் பழக்குவார்கள். அந்த வேலையின் நுட்பத்தைப் பாருங்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மரம் வளர்வதற்கான மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. கத்தி அதைத் தொட்டுவிட்டால் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. காயத்துக்குப் பயந்து மேலாகச் சீவினால் பால் குறையும், ஏனென்றால் பால் ஓடும் குழாய்கள் அந்தப் படலத்தை ஒட்டிய உள்பட்டையில்தான் அதிகம். ஆக, ஒரு மில்லிமீட்டர் கணக்கில் நிற்கிற வேலை அது.

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியுமா? தெரிந்தவர் ஒரு தடவை வழக்கமான வேகத்தில் வெட்டிக் காட்டுவார். இன்னொரு தடவை மெதுவாக, எங்கே கையை அழுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டே வெட்டுவார். உடனே கத்தி கைமாறிவிடும். பழகுகிற பெண் வெட்டுவாள். இவர் வெட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்து, “இங்க ஆழமாப் போயிடுச்சு, இங்க பட்டையைக் கனமாச் சீவிட்டே” என்பார். விரல் வைத்த இடத்தை அவளும் தொட்டுப் பார்ப்பாள். மறுபடியும் வெட்டுவாள். கத்தி தன் கையில் இருக்கும்போது யாருக்கும் தூக்கம் வராது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதியவர்களை அவசர அவசரமாகப் பழக்க வேண்டி வந்தது. அதற்காக அவர்கள் வகுத்த முறையும் ஏறக்குறைய இதே வரிசைதான்: ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, செய்யவிடு, பிறகு போய்ப் பார்த்துக்கொண்டே இரு. மூன்றாவது படியில் கற்பவர் செய்தால் மட்டும் போதாது; எதை ஏன் அப்படிச் செய்கிறேன் என்று அவரே சொல்ல வேண்டும். நம் ஆலைகளில் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிகளில் பெரும்பாலும் காணாமல் போவது இந்த மூன்றாவது படிதான். குளிர்சாதன அறையில் உட்காரவைத்துப் படம் காட்டி, வருகைத் தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறோம். செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும் என்பதை அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று சொல்லிக் கொடுங்கள். பிறகு தொழிலாளி உங்களுக்குச் சொல்லிக் காட்டட்டும்: எந்தச் சுவிட்ச், யார் பூட்டு, சாவி யாரிடம், வேலை முடியும் முன் ஷிஃப்ட் மாறினால் என்ன செய்வது. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்யும் இடத்தில் இது இன்னும் அவசியம். தலையாட்டுவதை வைத்துப் புரிந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

‘பிறருக்குச் சொல்லிக் காட்டு’ என்பது நமக்குப் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு கணக்குப் போட்டுத் தருகிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் வருவது கால் பங்குதான். உடன் பயில்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, தான் கற்றதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. நம் வகுப்பறை நேரத்தை இதே அளவில் பிரித்துப் பாருங்கள். கால் பங்குக்கு உரிய வேலையில் முழு நேரத்தையும் கொட்டிவிடுகிறோம்.

அந்த அரைப் பங்கை வகுப்பில் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. 1971-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரத்தில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த நேரம். எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். முழுப் பாடமும் வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

நம் ஊர் வரலாற்றையே இப்படி நடத்தலாம். ஒரு பிள்ளைக்கு 1948 ஜூன் 16: இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலமும். இன்னொரு பிள்ளைக்கு, அந்த அவசரகாலத்தில் மக்கள் வேலியடைத்த புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்ட கதை. மூன்றாவது பிள்ளைக்குத் தோட்டத் துண்டாடல், அதாவது பெருந்தோட்டங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விற்ற கதை. நான்காவது பிள்ளைக்கு, இதே ஊரில் 1919-இல் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி (மலாயா டாலர்) போட்டுத் தோட்டம் வாங்கிய வரலாறு. ஒரே துண்டை வாங்கியவர்கள் முதலில் ஒன்றாக உட்கார்ந்து படிக்கட்டும். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுக்கட்டும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை ஒன்று இருக்கும். துண்டாடல் அவளுக்கு மட்டுமே தெரியும் என்னும்போது மற்ற மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். வீட்டில் பாட்டியைக் கேட்டுக்கொண்டு வந்திருந்தால் புத்தகத்தில் இல்லாததையும் சொல்வாள்.

விளக்கத்துக்கு முன்னால் கேள்வி கேட்பது இன்னொரு வழி. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மாசூர் 1990-களின் தொடக்கத்தில் செய்தது இதுதான். மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா? நான்கு பெரிய எண் என்பதால் நான்கில் ஒன்று என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். விடையை நெஞ்சுக்கு நேரே விரலால் காட்டச் சொல்லுங்கள், அடுத்தவருக்குத் தெரியாமல். விடைகள் பிரிந்து கிடந்தால் நீங்கள் பேசாதீர்கள். வேறு விடை காட்டிய பிள்ளையோடு பேசிவிட்டு மறுபடியும் விரல் காட்டட்டும். காகிதத்தை மடித்துக் காட்டி வாதாடும் பிள்ளைகளைப் பார்ப்பீர்கள். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

கைப்பேசிப் புதிர்ப்போட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வேகமாக அழுத்துகிறவனுக்குப் புள்ளி என்றால், யோசிக்கிற பிள்ளை இரண்டாவது கேள்வியிலேயே ஒதுங்கிவிடும். கடிகாரத்தை எடுத்துவிட்டுக் குழுவாக விளையாட விடுங்கள்.

பாடத்தின் கடைசி ஐந்து நிமிடம் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் நினைவில் உள்ளதை எழுதட்டும், மதிப்பெண் வேண்டாம். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அதனால் அடுத்த வாரமும் அதே வெற்றுத்தாளை ஒரு முறை கொடுங்கள்.

பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்ற கவலை எனக்குத் தெரியும். ஆனால் ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யூபிஎஸ்ஆர் பொதுத்தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். தொடக்கப் பள்ளியில் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது. அந்த இடத்தைப் பயிற்சிப் புத்தகங்களால் மறுபடியும் அடைத்துவிடாதீர்கள்.

எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதை உங்களிடம் கொடுக்கிறேன். வரும் திங்கட்கிழமை நீங்கள் நடத்தப்போகும் பாடம் ஒன்றை, அல்லது பயிற்சி ஒன்றை, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் செய்வதாக இருந்த ஒரு வேலையைப் பிள்ளையிடமோ தொழிலாளியிடமோ எப்படி ஒப்படைப்பீர்கள் என்று தாளில் எழுதி, பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குங்கள். அவர் கேள்வி கேட்கட்டும். நான் மேடையை விட்டு இறங்கி மேசை மேசையாக வருகிறேன்.