அப்புறம்?

வணக்கம். ஒரு நிமிஷம்... மைக் சட்டையில உரசுது. ம், இப்ப சரி.

நேத்து ராத்திரி போன வீடியோவை எடிட் பண்ணிட்டிருந்தேன். 18 நிமிஷப் பேச்சு. அதுல நான் "அப்புறம்"னு இழுத்த இடத்தையெல்லாம் வெட்டிடலாம்னுதான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்துல காதே தேவைப்படல, கண்ணாலயே பிடிச்சுட்டேன். திரையில ஒலி அலை ஓடும்ல? "அ"ன்னு ஒரு சின்ன மேடு, உடனே கோடு தட்டையாயிடும், மறுபடி மேடு. அந்தத் தட்டையான இடம்தான் "ப்". ரெண்டு உதடும் ஒட்டிட்டு இருக்கற நேரம், சத்தமே கிடையாது. சொல்லிப் பாருங்க: அப்... புறம். வெட்ட மனசு வரல. அப்படியே விட்டுட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை இதுதான். அன்பு, மழை, நிலான்னு ஏதாவது சொல்லியிருந்தா தம்ப்நெயிலுக்கு நல்லா இருந்திருக்கும். என்ன பண்றது.

பிரிச்சா ரொம்ப சுலபம். அ, புறம். அந்தப் பக்கம். சுட்டெழுத்துன்னு படிச்சோமே, அந்த "அ". ஆக, முதல்ல இடத்தைச் சொன்ன வார்த்தைதான் நேரத்துக்கு நகர்ந்திருக்கு. "பின்னால"வும் அப்படித்தான்: முதுகுப் பக்கமும் பின்னால, பிறகு நடக்கறதும் பின்னால. மலையாளத்துல அப்புறம்னா இன்னைக்கும் அந்தப் பக்கம்தான். நம்மகிட்டயும் பழைய அர்த்தம் ஒரு ஓரமா ஒட்டிட்டிருக்கு. செய்தியில "ஆக்கிரமிப்புகள் அப்புறப்படுத்தப்பட்டன"ன்னு வாசிப்பாங்களே? அது அப்புறமா பார்த்துக்கலாம்னு விட்டது இல்ல. அந்தப் பக்கமா தள்ளிவிட்டது.

சரி, கதைக்கு வரேன்.

சின்ன வயசுல எங்க அப்பா ராத்திரி கதை சொல்லுவார். முடிவு அவருக்கே தெரியாது, சொல்லச் சொல்ல கட்டறதுதான். நான் "அப்புறம்?"னு கேட்டுட்டே இருக்கணும். கேட்கலைன்னா நான் தூங்கிட்டேன்னு அர்த்தம், கடையை மூடிடுவார். ஒரு தடவை, "ராஜா அந்தப்புரத்துக்குப் போனான்"னார். நான், "எந்தப் புறத்துக்கு?"ன்னேன். அது சின்ன "ர", வேற வார்த்தைன்னு எனக்கு அப்ப எங்க தெரியும்! அப்பா சிரிச்ச சிரிப்புல அம்மா எழுந்து வந்துட்டாங்க.

பெரும்பாலும் எனக்கு முன்னாடி அவர்தான் தூங்குவார். நான் விடமாட்டேன். தோளைப் பிடிச்சு உலுக்கி, "அப்புறம்?" பாதித் தூக்கத்துல வாய் மட்டும் அசையும்: "அப்புறம்... அந்த ராஜா... கையெழுத்துப் போட்டு... ஃபைலை மேல அனுப்பிட்டான்." சத்தியமா. குதிரையில போயிட்டிருந்த ராஜா. ஃபைலை மேல அனுப்பிட்டான்.

அம்மாவோட "அப்புறம்" வேற ரகம். பட்டுன்னு "அப்புறம்"னா நிஜமாவே கொஞ்ச நேரம் கழிச்சுக் கிடைக்கும். "அப்புறமாஆ..."ன்னு ராகம் போட்டாங்கன்னா அந்த ஜென்மத்துல கிடையாது. சைக்கிள் கேட்டப்ப ராகம்தான் வந்துச்சு. அதுக்கு மேல அதைப் பத்திப் பேச ஒண்ணும் இல்ல.

அப்புறம் ஹாஸ்டல். அப்பா போன்ல பேசவே தெரியாத மனுஷன். "உடம்பு பரவாயில்லையா?" பரவாயில்லப்பா. "பரீட்சை எப்போ?" அடுத்த மாசம்பா. அவ்வளவுதான், கேள்வி தீர்ந்துபோச்சு. ஒரு மூச்சு விடற சத்தம் கேட்கும். "அப்புறம்?" ஒண்ணும் இல்லப்பா. "ம்... அப்புறம்?" எனக்கு எரிச்சலா வரும். பின்னால ஃபோனுக்கு இன்னொருத்தன் காத்திட்டிருப்பான். "அதான் சொல்லிட்டேனேப்பா"ன்னு ஒருநாள் வெடுக்குன்னு வெச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி படுத்தப்பதான் உறைச்சுது, அந்த "அப்புறம்?" யாரோடதுன்னு. தோளைப் பிடிச்சு உலுக்கறதுக்கு அவருக்குக் கை எட்டல, அவ்வளவுதானே?

இப்ப போன்ல அவர் "அப்புறம்?"னா ஏதாவது அவிழ்த்துவிடுவேன். மைக் உடைஞ்சது, அதை டேப் சுத்தி ஒட்டினது, டேப் என் விரல்லயே ஒட்டிக்கிட்டது. எதுவானாலும் கேட்பார்.

நேத்து எடிட்டிங் முடிச்சுட்டு அவருக்குப் போன் போட்டேன். வழக்கம்போல ரெண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்த இடம் வந்துச்சு. இந்தத் தடவை நான் முந்திட்டேன்.

"அப்பா, அந்த ராஜா ஃபைலை மேல அனுப்பினானே. அப்புறம்?"

"எந்த ராஜாடா?"

விளக்கினேன். சுத்தமா ஞாபகம் இல்லைன்னார். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட் ஆயிடுச்சோன்னு போனைக் காதுல இருந்து எடுத்துப் பார்த்தேன், நொடி ஓடிட்டுதான் இருந்துச்சு. மறுபடி காதுல வெச்சா, தொண்டையைச் செருமறார்.

"அப்புறம்... ஃபைல் இன்னும் திரும்பி வரலடா. ராஜா ஒரு ரிமைண்டர் போட்டான்..."