நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். குன்னூர்ப் பக்கம் ஒரு டீ ஃபாக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்தவன் நான். பேச வாருங்கள் என்று கூப்பிட்டபோது, தேயிலை உருட்டும் ரோலரைப் பற்றிப் பேசட்டுமா என்றுதான் கேட்டேன். "உங்களிடம் பழைய ஹெரால்டு கார் இருக்கிறதாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். சரி, பேசுகிறேன். வண்டியின் பெருமையைக் கொஞ்சமாகவும், அதில் நான் செய்த முட்டாள்தனத்தை நிறையவும்.

இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார் அது. இத்தாலிக்காரர் மிச்செலோட்டி வரைந்த உடம்பு. 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று செய்தார்கள். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பகுதி மொத்தமும் எழுந்துவிடும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். ஸ்டியரிங் அதைவிட விசேஷம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நம் ஊர் கொண்டை ஊசி வளைவுகளுக்காகவே செய்த மாதிரி இருக்கும்.

இந்த வண்டிக்கு அலாய் வீல் போட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி ஹப், அதில் நீட்டிக்கொண்டு நட்டைத் தாங்குகிற மரைக் கம்பி ஸ்டட். ஹெரால்டின் நான்கு ஸ்டட்டும் நிற்கிற வட்டத்தின் விட்டம் 95.25 மி.மீ., அதாவது மூணேமுக்கால் அங்குலம். இப்போதைய சின்னக் கார்கள் பலவற்றில் அது 100 மி.மீ. பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், மாட்டினால் ஏறாது. நான் துளை போடாத வீல் வாங்கி, 95.25க்கே துளை போடச் சொன்னேன். அதுவரை புத்திசாலிதான்.

வீட்டில் மாட்டிப் பார்த்தால் முன்சக்கரம் உள்ளே போய், அதைத் திருப்புகிற ஸ்டியரிங் கம்பியில் உரசுகிறது. ஆஃப்செட் விஷயம். வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டுகிற முகத்துக்கும் உள்ள தூரம் அது. பழைய வண்டிகளின் இரும்பு வீலில் அது குறைவு. இன்றைய கார்களுக்கான வீலில் 35, 40 மி.மீ. என்று இருக்கும். அதனால் வீல் உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். அதை வெளியே தள்ளத்தான் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டை வைக்கிறோம்.

ஒரு லேத் பட்டறையில் 6 மி.மீ. கனத்தில் நான்கு அலுமினியத் தட்டு கடைந்து வாங்கினேன். துரு பிடிக்காமலிருக்க இரண்டு பக்கமும் பெயின்ட் வேறு அடித்தேன். லேத்காரரைக் குறை சொல்ல முடியாது. அளவு கொடுத்தவன் நான்.

மேட்டுப்பாளையத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பர்லியாருக்குக் கொஞ்சம் மேலே வரும்போது, "என்னங்க, பின்னாடி பாத்திரம் ஏதும் உருளுதா?" என்றார் வீட்டுக்காரம்மா. டக், டக் என்று சத்தம். பிரேக் போட்டால் நின்றது, விட்டால் வந்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். பின்சக்கரத்தில் ஒரு நட்டு இல்லை. மற்ற மூன்றும் விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. வீல் துளையின் உள்சுவர் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போலப் பளபளத்தது. வீல் ஆடி ஆடி ஸ்டட்டில் தேய்ந்த இடம் அது. ஸ்டட்டைத் தொட்டேன், நுனியில் மரை மழுங்கி, ரம்பம் மாதிரி இருக்க வேண்டியது கம்பி மாதிரி வழவழத்தது.

ஃபிட்டருக்கு இதைவிடக் கேவலம் உண்டா? என் ஸ்டட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அப்படியானால் ஒரு மரை ஏறக்குறைய 1 மி.மீ. இரும்பு வீலில் நட்டு பன்னிரண்டு சுற்று ஏறும். அலாய் வீல் ஸ்டட் ஏறும் இடத்தில் தடிப்பானது, அதுவே இரண்டு மூன்று மரையைத் தின்றுவிட்டது. ஸ்பேசர் இன்னும் ஆறைத் தின்றது. மிச்சம் மூன்று சுற்று. அதை நம்பி மலை இறங்கியிருக்கிறேன். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, அவ்வளவு நீளத்துக்காவது மரை பிடிக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. என் வண்டிக்கு ஒன்பது சுற்று.

வண்டியின் பாரத்தை ஸ்டட் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நட்டு இறுக்குவதால் வீல் ஹப்போடு அழுந்தி நிற்கிறது. பாரத்தைத் தாங்குவது அந்த அழுத்தம்தான். அழுத்தம் விட்டால்தான் ஸ்டட் வளைய ஆரம்பிக்கும். நான் அடித்த பெயின்ட் அழுத்தத்தில் நசுங்கி மெலிந்தது, நட்டு தளர்ந்தது. போதாக்குறைக்கு இறக்கத்தில் பிரேக் டிரம் சூடாகும், ஆறும், மறுபடி சூடாகும். ஸ்பேசர் முகத்தில் பெயின்ட், துரு, மண் எதுவும் இருக்கக் கூடாது.

ஸ்பேசர் போட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் ஸ்டட்டை நீளமானதாக மாற்றுங்கள். ஸ்பேசரின் நடுத்துளை ஹப்பின் உதட்டில் ஆடாமல் உட்கார வேண்டும். நட்டின் வாய் வீல் துளைக்குப் பொருந்த வேண்டும். கூம்பு வாய்க்குக் கூம்பு, தட்டைக்குத் தட்டை. 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள். ஊட்டி ஈரத்தில் அலுமினியமும் இரும்பும் ஒன்றோடொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும், அதனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது கழற்றித் துடையுங்கள். தனி ஸ்டட்டோடு வருகிற ஸ்பேசரும் உண்டு. அது 20 மி.மீ.க்குக் குறைந்து கிடைப்பது அரிது. ஹெரால்டில் போட்டால் டயர் மட்கார்டுக்கு வெளியே வந்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஹெரால்டின் பின்பக்கத்தில் நான் இனி ஸ்பேசர் போட மாட்டேன். அதன் பின் ஆக்சில் ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடுவது. ஹப்புக்குப் பக்கத்தில் ஆக்சில் கம்பி முறிவது இந்த வண்டியின் பழைய நோய். வீலை வெளியே தள்ளினால் அந்த இடத்தில்தான் பளு கூடும். முன்பக்கம் வேறு தொல்லை: முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசும், குழியில் விழுந்தால் ஸ்டியரிங் நம் பிடியிலிருந்து வெட்டி இழுக்கும். 25 அடியில் திரும்புகிற வண்டியைக் கெடுத்துக்கொள்ள நாமே காசு கொடுக்க வேண்டுமா?

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்குப் போகும்போது கேள்வி வரலாம்.

இப்போது என் ஹெரால்டு பழைய இரும்பு வீலில் ஓடுகிறது. அலாய் வீல் நான்கும் தோட்டத்தில், நடுவில் ஜெரேனியம் வளர்கிறது. நட்டைக் கையால் மாட்டி, ஏறுகிற சுற்றை எண்ணிப் பாருங்கள். அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம். பர்லியாரில் விழுந்த நட்டு இன்றைக்கும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வீட்டுக்காரம்மா மங்குஸ்தான் கடையைப் பார்க்கிறார், நான் ரோட்டோரத்தைப் பார்க்கிறேன். வணக்கம்.