சீட்டுக்கட்டில் ஓர் அம்மா

நேயர்களுக்கு வணக்கம்.

நியூயார்க்கில் ஒரு மதுக்கடை. கடைக்காரர் வாடிக்கையாளர் ஒருவரிடம் ஏதோ வீட்டுக் கதையை அளந்துகொண்டிருக்கிறார். பேச்சோடு பேச்சாக, "பொழுது போகவில்லையா, சாலிடேர் ஆடேன்" என்று ஒரு வாக்கியம் வருகிறது. சாலிடேர் என்பது ஒருவர் தனியாக ஆடும் சீட்டாட்டம். சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் ரேமண்ட் ஷாவுக்கு அந்த வார்த்தை போதும். சீட்டுக்கட்டைக் கேட்டு வாங்குகிறான், பரப்புகிறான், டைமண்ட் ராணி வருகிறாள். கடைக்காரரின் கதையில் யாரோ யாரையோ "சென்ட்ரல் பார்க் ஏரியில் போய்க் குதி" என்று திட்டுகிறார்கள். ரேமண்ட் எழுந்து போய், போட்டிருந்த உடுப்போடு ஏரியில் குதித்துவிடுகிறான்.

ரிச்சர்ட் காண்டன் 1959-இல் எழுதிய 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது. கொரியப் போரில் சிறைபிடிக்கப்பட்ட அமெரிக்கச் சிப்பாய் ரேமண்ட். அவனைச் சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவுக்குக் கொண்டுபோய், கம்யூனிஸ்ட் மருத்துவர்கள் மூளைச்சலவை செய்து, டைமண்ட் ராணியைப் பார்த்ததும் சொன்ன ஆளைச் சுட்டுவிட்டு அதை மறந்தும் போகிற கருவியாக்கித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவனோ வீரப் பதக்கத்தோடு ஊர் திரும்புகிறான். அன்றைய வாசகருக்கு இது வெறும் கற்பனையாகத் தோன்றியிருக்காது. போர் முடிந்தபோது 21 அமெரிக்கக் கைதிகள் நாடு திரும்ப மாட்டோம் என்று சொல்லி, அந்த நாடே அதிர்ந்துபோயிருந்தது.

வழக்கமாக இதைப் பனிப்போர் நாவல் என்பார்கள். சரிதான். ஆனால் எனக்கு இது ஒரு வீட்டுக் கதை. ரேமண்டின் அம்மா தன் இரண்டாவது கணவர் ஜானியை செனட்டராக்கி, வெள்ளை மாளிகை வரைக்கும் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறவள். நாவல் அவளைப் பெரும்பாலும் 'ரேமண்டின் அம்மா' என்றே சொல்லிக்கொண்டு போகிறது. அவளுடைய பதவியே அதுதான் என்பதுபோல.

ஜானி யாரைப் பார்த்து வார்க்கப்பட்டவர் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. 1950 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, வெளியுறவுத் துறையில் 205 கம்யூனிஸ்டுகள் இருப்பதாகச் சொன்னார் என்று பத்திரிகையில் வந்தது. சில நாளில் அது 57 ஆயிற்று. அப்புறம் செனட்டில் 81. இந்த நாவலை வைத்து ஜான் ஃப்ராங்கன்ஹைமர் எடுத்த 1962 படத்தில் இதை ஒரு சாப்பாட்டு மேசையில் முடித்துவிடுகிறார்கள். நினைவில் நிற்கிற மாதிரி ஒரே ஒரு எண் கொடு என்று மனைவியிடம் கெஞ்சுகிறார் ஜானி. பக்கத்தில் ஹெயின்ஸ் கெட்சப் பாட்டில். அதில் அச்சடித்திருக்கும் 57 அடுத்த காட்சியிலேயே செனட்டில் ஒலிக்கிறது. ஜானி வரும் பக்கங்களில் நாவலில் கேலி கொஞ்சம் தூக்கல். காண்டன் பல ஆண்டுகள் சினிமா விளம்பரத் துறையில் இருந்தவர், அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

மூளைச்சலவை செய்தவர்கள் சுவிட்சாக ஏன் டைமண்ட் ராணியைத் தேர்ந்தெடுத்தார்கள்? அது ரேமண்டுக்கு அவன் அம்மாவை நினைவூட்டும் என்பதால். அவன் யாரை வெறுத்துக்கொண்டே கேட்டு நடக்கிறானோ, அவள் முகம் அந்தச் சீட்டில் இருக்கிறது. போருக்குப் போகும் முன்பே, அம்மாவின் அரசியல் எதிரியான செனட்டர் ஜோர்டனின் மகள் ஜோசியை அவன் காதலித்தான். அந்தக் காதலை முறித்தது ஒரு கடிதம். படத்தில் ரேமண்டே சொல்கிறான்: எழுதியது அம்மா, கையெழுத்து மட்டும் தன்னுடையது. அப்போது மஞ்சூரியாவும் இல்லை, மருத்துவர்களும் இல்லை, சீட்டும் இல்லை. அயல்நாட்டு நிபுணர்கள் புதிதாகச் செய்தது குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாதி வேலையை வீடு ஏற்கெனவே முடித்து வைத்திருந்தது.

நாவலில் அம்மாவும் மகனும் எல்லை மீறும் ஓர் இடம் உண்டு. படம் அதை உதட்டில் ஒரு முத்தத்தோடு நிறுத்திக்கொண்டது. அம்மாவாக நடித்த ஏஞ்சலா லான்ஸ்பரி, மகனாக நடித்த லாரன்ஸ் ஹார்வியைவிட மூன்று வயதுதான் மூத்தவர். பார்க்கும்போது அது நினைவுக்கே வராது.

புத்தகம் இன்னும் படிக்காதவர்கள் ஒரு நிமிடம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ரேமண்டை இயக்கும் அமெரிக்கக் கை அம்மாவுடையதுதான். ஆனால் அவள் கேட்டது ஒரு கொலையாளியை. தன் பிள்ளையையே அப்படி ஆக்கி அனுப்புவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவர்களைப் பழிவாங்கியே தீருவேன் என்று அவள் மகனிடமே சொல்கிறாள். அத்தனை பக்கங்களில் அவள் அவனிடம் மனம்விட்டுப் பேசும் இடம் அதுதான். அவனுக்கு முன்னால் டைமண்ட் ராணி கிடக்கிறது. அவன் அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கிறான்.

நன்றி, வணக்கம்.