சபையா, சாப்பாட்டுக் கடையா?

நடுவர் அவர்களுக்கு வணக்கம், ஆயர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். பின்னால் நிற்கிறவர்களுக்கு நாற்காலி வந்துகொண்டிருக்கிறது. மற்ற வணக்கங்களையெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்களே சொல்லித் தீர்த்துவிட்டார்கள்.

சபை மண்டபத்தில் டைனர் நாடக விருந்து நடத்துவது சபையைச் சேர்க்கிறதா, கெடுக்கிறதா? இதுதான் தலைப்பு. சேர்க்கிறது என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள்.

அன்றைக்கு வராதவர்களுக்காக ஒரு விளக்கம். நம் வாலிபர்கள் கீழ்த்தள மண்டபத்தை 1950களின் அமெரிக்க டைனராக, அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடையாக, மாற்றினார்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, சிவப்பு ஸ்டூல், அட்டையில் செய்த ஜூக்பாக்ஸ். சாப்பிட உட்கார்ந்த நாமெல்லாம் வாடிக்கையாளர்கள், பரிமாறுகிற பிள்ளைகள்தான் நடிகர்கள். பர்கர் வருவதற்குள் ஒரு காட்சி, மில்க் ஷேக் வருவதற்குள் இன்னொன்று. முதலாளியம்மா ஆப்பிள் பை செய்கிற பக்குவத்தை எழுதிவைத்த சீட்டு காணாமல் போய்விடும். எடுத்தது யார் என்று ஒவ்வொரு மேசையும் நடிகர்களைக் கூப்பிட்டு விசாரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு டைனர் நாடகம் போடாமல் வேறு எதைப் போடுவது? அமெரிக்காவிலேயே டைனருக்குப் பேர்போன மாநிலம் இது. அந்தக் காலத்தில் டைனர்களைத் தொழிற்சாலையில் முழுசாகச் செய்து, வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியதும் இங்கிருந்துதான்.

சரி, கதைக்கு வருகிறேன்.

மூன்றாம் மேசையில் ஓர் அம்மா. நாசரேத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவர். நாடகம் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர் மேடை இருக்கும், திரை விலகும் என்று நினைத்திருக்கிறார். மேடையும் இல்லை, திரையும் இல்லை. பசி நேரம் வேறு. சூயிங்கம் மென்றுகொண்டே ஒரு பெண் வருகிறாள், இடுப்பில் கையை வைக்கிறாள். "என்ன வேணும்? சீக்கிரம் சொல்லுங்க, நாள் பூரா இங்கயே நிக்க முடியாது." டைனர் பணிப்பெண் வேஷம் என்றால் வெடுக்கென்று பேச வேண்டும், அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? நிமிர்ந்து ஒரு பார்வை. "ஏட்டி, வாயில கெடக்கத மொதல்ல துப்பிட்டு வா. நீ எந்த ஊர்க்காரி?"

மண்டபமே கைதட்டுகிறது. எல்லாரும் இதுவும் நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்!

பின்வரிசை சிரிக்கவில்லை, கேட்கவில்லை போல. மறுபடி சொல்கிறேன். "நீ எந்த ஊர்க்காரி?" அந்தப் பிள்ளை இங்கே பிறந்தது. பயந்துபோய் "எடிசன்" என்கிறது. அம்மா விடவில்லை. "அது எங்க இருக்கு, சாத்தான்குளம் பக்கமா?" பிள்ளை ஓடிப் போய்த் துப்பிவிட்டு வந்து, "ஆன்ட்டி, என்ன சாப்பிடுறீங்க?" என்று அடக்கமாகக் கேட்டது. அந்தப் பணிப்பெண் கடைசிக் காட்சியில்தான் திருந்த வேண்டும். முதல் காட்சியிலேயே திருந்திவிட்டாள். மனந்திரும்புதல் இவ்வளவு சீக்கிரத்தில் நடந்து நம் சபையில் யாராவது பார்த்திருக்கிறோமா, ஐயா?

மீதிக் கதை அப்புறம். அதற்குள் எதிரணி அண்ணனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "இது சபையா, சாப்பாட்டுக் கடையா? மூப்பர்கள் ஜெபம் பண்ணுவார்களா, மில்க் ஷேக் கலக்குவார்களா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன், நல்ல நக்கல். ஆனால் அண்ணனுக்கு ஊர் எது? மெஞ்ஞானபுரம் பக்கம். அங்கே சபையாருக்கெல்லாம் சாப்பாடு போடுகிற அசனப் பண்டிகைக்கு ஆலயத்து வளாகத்தில் எத்தனை அடுப்பு எரியும்? கறிக்குழம்பு வாசம் பாளையங்கோட்டை வரைக்கும் போகும். அசனத்தில் இரண்டாம் தரம் குழம்பு கேட்டபோது அண்ணன் "இது சபையா, சாப்பாட்டுக் கடையா" என்று கேட்டாரா?

அறுப்பின் பண்டிகை ஏலம் இருக்கிறதே, அது என்ன? ஒரு பூசணிக்காய். ஏலம் விடுகிறவர் அதைத் தலைக்கு மேல் தூக்கி, "போன தடவை உபதேசியார் வீட்டுக்குப் போச்சு, இந்தத் தடவை யாரு?" என்று கூட்டத்தைக் கிளப்புவார். ஒருத்தர் எடுப்பார். எடுத்தவர் "மறுபடி ஏலம் விடுங்க" என்று திருப்பிக் கொடுப்பார். அதே பூசணிக்காய், இன்னொரு விலை. பார்க்க வந்தவனையே நடிக்க வைக்கிற நாடகத்தை அமெரிக்காக்காரனா நமக்குச் சொல்லித் தர வேண்டும்?

நாடகம் வெளியாள் சமாசாரம் என்றும் அண்ணன் சொன்னார். ஜெர்மனியில் ஓபராமர்காவ் என்று ஒரு கிராமம். 1633இல் கொள்ளைநோய் வந்தபோது, நாங்கள் பிழைத்தால் இயேசுவின் பாடுகளின் நாடகத்தைத் தொடர்ந்து நடத்துகிறோம் என்று பொருத்தனை பண்ணினார்கள். 1634இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. கொரோனாவால் 2020இல் நின்றதை 2022இல் நடத்தினார்கள். ஊர்க்காரர்களே நடிகர்கள். அவ்வளவு தூரம் போவானேன்? பாளையங்கோட்டையில் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார், பெத்லகேமுக்கே குறவஞ்சி பாடினவர். குறத்தியைச் சபைக்குக் கூட்டி வந்தவர் நம் ஆள். பணிப்பெண் வந்தால் மட்டும் தீட்டா?

டைனருக்கும் வேதத்துக்கும் சம்பந்தமில்லையாம். பழைய டைனர்களில் டோஸ்ட் மேல் இரண்டு முட்டை கேட்டால், பரிமாறுகிறவள் அடுப்படியைப் பார்த்து "ஆதாமும் ஏவாளும் தோணியில்!" என்று கத்துவாள். ஆதியாகமம் தெரியாதவனுக்கு அங்கே முட்டை கிடைக்காது, அண்ணே.

கடைசியாக ஒரு வசனத்தை எடுத்து வீசினார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், 11ஆம் அதிகாரம், 22ஆம் வசனம். "புசிக்கிறதற்கும் குடிக்கிறதற்கும் உங்களுக்கு வீடுகள் இல்லையா?" பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் வாசிக்கிறேன். "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" இருக்கிறவன் முந்திக்கொண்டு தின்கிறான், இல்லாதவன் பட்டினியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பவுலுக்கு வந்த கோபம் அது. 33ஆம் வசனத்தில், போஜனத்துக்குக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். கூடிவராதே என்று சொல்லவில்லை, காத்திரு என்கிறார். அடுத்த வசனம் அண்ணனுக்குக் கொஞ்சம் உதவும். அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கப் போவதில்லை.

இப்போது மீதிக் கதை. இரண்டாம் காட்சி. பஸ்ஸைத் தவறவிட்ட ஓர் ஏழைப் பையன் கடைக்குள் வருகிறான். கிழிந்த கோட்டு, கையில் காசில்லை. முதலாளியம்மா, "காசில்லாதவனுக்கு இங்கே இடமில்லை, போ வெளியே" என்று விரட்ட வேண்டும். விரட்டினாள். மூன்றாம் மேசை எழுந்தது. "எய்யா, நீ இங்க வா. எவ சொன்னா எடமில்லன்னு?" பர்ஸைத் திறந்து டாலரை எடுத்து முதலாளியம்மா கையில் திணித்து, "இந்தா, இது இவன் சாப்பாட்டுக்கு. இன்னொரு தரம் புள்ளய வெரட்டுன, பாத்துக்க" என்றார். முதலாளியம்மாவுக்கு அடுத்த வசனம் இல்லை. எழுதினவர் ஓரமாக நின்று தாளைப் புரட்டோ புரட்டென்று புரட்டுகிறார், எந்தப் பக்கத்திலும் இந்த அம்மா இல்லை!

இதில் பெரிய சிக்கல் என்ன தெரியுமா? கதைப்படி சீட்டைத் திருடினதே அந்தப் பையன்தான். துப்பறிகிறவர் வந்து அவனைக் காட்டுகிறார். அம்மா பர்கரைப் பாதி பிட்டு அவன் தட்டில் வைத்தபடி, "இவன் எடுக்கல. எம்பக்கத்துலதான இருக்கான்" என்கிறார். எல்லா மேசையும் எழுதினதை அடித்துவிட்டு, பையன் நிரபராதி என்று எழுதிக் கொடுத்துவிட்டது. கடைசியில், சீட்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் விழுந்து கிடந்தது என்று அறிவித்து நாடகத்தை முடித்தார்கள்.

அந்த அம்மா யார்? அண்ணன் இப்போது தலையைக் குனிகிறார் பாருங்கள். அண்ணனுக்குப் பெண் கொடுத்த மாமியார்தான்! அத்தை இன்றைக்கும் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். மருமகன் எதிர்த்துப் பேசிவிட்டு வீட்டுக்கு எப்படிப் போகப் போகிறார் என்பதைத் தனிப் பட்டிமன்றமாக வைத்துக்கொள்ளலாம்.

சிரித்தது போதும். அன்றைக்கு ஒன்று நடந்தது, நிறையப் பேர் கவனிக்கவில்லை. அத்தை பர்கரைப் பிட்டு வைத்து "சாப்பிடு ராசா" என்றபோது அந்தப் பையன் அழுதான். பிரமாதமாக நடிக்கிறான் என்று அதற்கும் தட்டினோம். 2020இல் விமானம் நின்றிருந்த நேரத்தில் அவனுடைய ஆச்சி ஊரில் இறந்துபோனார்கள். அடக்க ஆராதனையை அவன் அப்பாவின் போனில்தான் பார்த்தான். அதற்குப் பிறகு அவனை ராசா என்று கூப்பிட யாரும் இல்லை, நடுவர் அவர்களே. நம் ஆராதனையில் பிள்ளைகள் ஒரு பக்கம், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்கள் ஒரு பக்கம். அவர்கள் பேசுவது இவர்களுக்கு முழுசாக வராது, இவர்கள் பேசுவது அவர்களுக்கு வராது. பனிக்காலத்தில் மூடிய வீட்டுக்குள் பேரப்பிள்ளையை ஆட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பெரியவர்கள் இங்கே எத்தனை வீட்டில் இல்லை? இப்போது ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் அத்தை பக்கத்தில் போய் உட்காருகிறான். பாமாலையில் பக்கம் எடுத்துக் கொடுக்கிறான். தமிழ் எழுத்து அவனுக்கு வாசிக்க வராது, நம்பரைப் பார்த்துதான் எடுக்கிறான்.

அத்தைக்கு அடுத்த மாதக் கடைசியில் டிக்கெட் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் ஒரு சனிக்கிழமை மண்டபத்தைத் தர வேண்டும் என்று ஆயர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. அண்ணே, பேனா கொண்டு வந்திருக்கிறீர்களா?