பழைய யன்னல்களுக்கு ஓர் இடம் வேண்டும்

அவைத்தலைவர் அவர்களே, மங்கல விளக்கேற்றி வைத்த சிவாச்சாரியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, உடல்நலக் குறைவையும் பாராது வந்திருக்கும் ஓய்வுநிலை அதிபர் அம்மா அவர்களே, மாநகரசபை உறுப்பினர்களே, இந்தக் கண்காட்சியை ஒழுங்கு செய்த நுண்கலை மாணவர்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். கோயில் கொடியேறியிருக்கும் நாட்களிலும் நேரம் ஒதுக்கி வந்த சிவாச்சாரியார் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அதிபர் அம்மாவிடம் படித்த பலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், அவருக்கும் அப்படியே.

பலவகைப் பொருட்களை ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் கலப்பூடகக் கலையில் நிலம், தேய்வு, ஞாபகம் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் கிடக்கிறது. மழைநீர் கரியமிலவாயுவையும் சேர்த்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கி அந்தக் கல்லைக் கரைக்கிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியின் ஊற்றும் அப்படிக் கிடைத்தவை. ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த கோட்டையின் சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கடலில் விளைந்த முருகைக்கல்லின் துளைகளுக்குள் உப்பு, அதன்மேல் குண்டு பட்ட வடு. ஒரே கல்லில் கடலும் போரும் இருக்கின்றன. இதைச் சாயத்தாலும் தூரிகையாலும் மட்டும் சொல்லிவிட முடியாது. அதனால்தான் பிள்ளைகள் மண்ணையும் பனையோலையையும் துருப்பிடித்த தகரத்தையும் காணி உறுதியின் நகலையும் பலகையில் ஒட்டுகிறார்கள்.

‘காவோலை விழக் குருத்தோலை சிரிச்சதாம்’ என்று எங்கள் ஆச்சி சொல்லுவா. பழையது விழும்போது நாங்கள் சிரிக்காவிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முந்தி ஒரு மாணவர் கண்காட்சியில் ஒரு யன்னற் கதவு வைத்திருந்தார்கள். பழைய மரக் கடையில் விறகு விலைக்கு வாங்கியது. அந்தப் பிள்ளை அதன்மேல் கடல்மண் ஒட்டி, ஓலை பதித்து, நடுவில் ஒரு குடும்பப் படத்தின் நிழலை விட்டிருந்தா. எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டுப் போக, ஒரு அப்பு மட்டும் நின்றுவிட்டார். பழைய தச்சுத் தொழிலாளி. மண்ணையும் படத்தையும் அவர் கவனிக்கவில்லை. குனிந்து கீழ்ப்பலகையைத் தடவினார். அங்கே சாயம் முழுக்கப் போய், மரம் சாம்பல் நிறமாகி, நார் எழும்பியிருந்தது. மேற்பலகையில் பச்சை அப்படியே இருந்தது.

“பிள்ளை, உது வடகிழக்கைப் பாத்து நிண்ட யன்னல். வாடையிலை மழை சாய்ஞ்சு அடிச்சிருக்கு. மேலை தாழ்வாரம் காப்பாத்தியிருக்கு” என்றார். பிறகு வெடித்த சாயத்தை நகத்தால் மெல்லத் தூக்கிக் காட்டினார். பச்சைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே இன்னொரு பச்சை. “கலியாணத்துக்குக் கலியாணம் பெயின்ற் அடிக்கிறது. மூண்டு கலியாணம் நடந்த வீடு. வார்னிஷ் மட்டும் பூசிப்போடாதை, மோனை.”

அந்தப் பிள்ளை பிறகு ஒரு பக்கத்து மண்ணை முழுவதும் சுரண்டி எடுத்தா. வேலைப்பாடு குறைந்தது, யன்னல் பேசத் தொடங்கியது. காற்றும் மழையும் ஏற்கெனவே பாதியைச் செய்து வைத்திருக்கின்றன. எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்தவரே இந்தக் கலையில் தேர்ந்தவர்.

ஞாபகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. ஓவியர் தா. சனாதனன் அவர்கள் இடம்பெயர்ந்த மக்களிடம் அவரவர் விட்டு வந்த வீடுகளை வரையச் சொல்லி, அந்தக் கோடுகளை 2011இல் நூலாக்கினார். வீடு போனபின் அதன் அறைகள் கையில் இருந்தன. ஆனால் கையும் ஒரு நாள் மறக்கும். ஆகவே பொருளும் வேண்டும்.

இந்த மேடையில் நான் கேட்க வந்தது அதைத்தான். கிழமைக்குக் கிழமை எங்கோ நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய ஒரு நாற்சார் வீடு இடிகிறது. கதவுநிலை, தூண், பீலி ஓடு எல்லாம் லொறியில் போகின்றன. மாநகரசபை ஒரு பழைய கட்டடத்தை ஒதுக்கித் தந்தால் போதும். இடிக்கிற வீடுகளின் பொருட்களை அங்கே வாங்கி, எந்த ஊர், எந்தத் திசை பார்த்து நின்றது என்று எழுதி வைப்போம். மாணவர்கள் வந்து தொட்டுப் பார்க்கட்டும், கலைஞர்கள் எடுத்துச் செய்யட்டும். காவோலை விழக் குருத்தோலை சிரித்தது போதும், உறுப்பினர்களே. அந்த அப்பு போன்றவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தால்தான் எழுதுவதற்கு ஆள் இருக்கும்.

கோரிக்கை மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. பெயரோடு, உங்கள் ஊரில் இடியப்போகிற வீடு எது என்றும் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.